கைமணம் பொருந்தவில்லை

போனில் பேச்சி செயலி வேலை செய்யவில்லை என்று யாராவது வந்தால், ஃபிளைட் மோடைப் போட்டு எடுப்பதிலிருந்துதான் நான் தொடங்குவேன். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேருக்குத் தேதியும் நேரமும் தவறாக இருக்கும், அல்லது கல்யாண வீடியோக்கள் நிறைந்து போன் மூச்சுவிட இடமில்லாமல் கிடக்கும். இந்த வரிசையை மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வரிசையை மீறினால், போன் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்பார் எங்கள் ஆசிரியர். நான் மீறுவதில்லை. மீறும் துணிச்சல் இல்லை என்று சொல்வது இன்னும் சரி.

சனிக்கிழமை மதியம் தில்லைநாயகம் சார் சிங்காரத்தோப்பில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்தபோதும் அப்படித்தான் தொடங்கினேன்.

அவரோடு எனக்கு முகப்பழக்கம் உண்டு. புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்புகள் நடக்கின்றன. கீழ்த்தளத்தில் எங்களுக்குக் கைபேசி பழுதுபார்க்கும் பயிற்சி. மாடியில் பெரியவர்களுக்கு ‘இனிய உரையாடல்’ வகுப்பு. கோபக்காரர்கள் இதமாகப் பேசக் கற்றுக்கொள்ளும் இடம் அது. இவர் டவுன் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடி வகுப்பில் சேர்ந்த புதிதில், படிக்கட்டை மறித்து நின்ற எங்களைப் பார்த்து, “என்ன, ஃபுட்போர்டா இது? ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு!” என்று போட்ட சத்தத்தில் என் தோழி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டாள். ஆறு மாதம் கழித்து இப்போது, “கொஞ்சம் வழி விடுறீங்களாம்மா?” என்கிறார். அதைக் கேட்டால்தான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

“செவ்வாக்கெழமைலேருந்து கனெக்ட் ஆக மாட்டேங்குதும்மா,” என்றார். போனை மேசைமேல் வைத்தார். திரையின் மேல் ஓரத்தில் ‘செம்பா: ஒரு புதிய செய்தி’ என்று இருந்தது. தொட்டால் வெள்ளையாக ஒரு பக்கம் வந்து, சக்கரம் சுற்றி, ‘இணைக்க முடியவில்லை, பிறகு முயலவும்’ என்று நின்றுவிட்டது.

“அந்த ஒரு மெசேஜைப் படிக்கணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்.”

“செம்பா யாரு சார்?”

“எம் பொண்ணு. செண்பகவல்லி.”

நான் ஃபிளைட் மோடைப் போட்டேன், எடுத்தேன். தேதியைப் பார்த்தேன். இடம் இருந்தது. பேச்சியின் தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். கடையின் வைஃபையில் இணைத்தேன், பிறகு என் போனிலிருந்து இணையம் கொடுத்துப் பார்த்தேன். பின்னணித் தரவு அனுமதி சரியாக இருந்தது. அதைப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்ததால் மறுபடியும் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவசரமா சார்?”

“சாயங்காலம் ஆறு மணிக்கு ஜங்ஷன்ல ரயில் வரும். அதுல அவ வர்றா.”

“ஓ, ஊருக்கு வர்றாங்களா?”

“இல்லம்மா. ஊரு வழியாப் போறா.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எட்டு மாசம். தலைப்பிரசவம். மாமியார் வீட்டுக்கு நாகர்கோயில் போறா.”

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டிய பெண், தாய்வீடு இருக்கும் ஊரின் ரயில் நிலையத்தில் பத்து நிமிடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகப்போகிறாள். 

பின்னால் ஒரு போனின் உடைந்த கண்ணாடியைச் சூடுகாட்டிப் பிரித்துக்கொண்டிருந்த கடை முதலாளி காஜா அண்ணன் கையை நிறுத்தினார்.

“சார், அதுக்கு ஏன் மெசேஜ் படிக்கணும்? நேரா பிளாட்பாரத்துல போய் நில்லுங்க.”

“ஸ்டேஷனுக்கு வரட்டுமான்னு அவகிட்ட கேட்டு எழுதியிருக்கேன் தம்பி. நீ வான்னு சொன்னா மட்டும்தான் வருவேன்னும் எழுதியிருக்கேன். அதுக்குத்தான் இந்தப் பதிலு. படிக்காமப் போய் நின்னேன்னா பழைய தில்லைநாயகம்தான் நிப்பான்.”

“வேற யார்கிட்டயாவது சொல்லிக் கேக்கலாமே?”

“இடையில ஆள் வெச்சுப் பேசித்தான் இந்த நெலமைக்கு வந்துச்சு,” என்றார் அவர்.

அவர் மனைவி கோமதி உயிரோடிருந்தவரை வீட்டில் ஒரு ஏற்பாடு நடந்திருக்கிறது. இவர், ‘அந்த எருமை சாப்டுச்சான்னு கேளு’ என்பார். அந்த அம்மா உள்ளே போய், ‘அப்பா நீ சாப்பிட்டியான்னு கேக்குறார்டி’ என்பார். இருபத்தைந்து வருடம் இப்படி. அந்த அம்மா இறந்த பிறகு எருமை நேராகவே போய்ச் சேர ஆரம்பித்தது. மகள் கொஞ்சநாள் பதில் எழுதினாள், பிறகு நிறுத்திவிட்டாள். அழைத்தாலும் எடுப்பதில்லை. அதன்பிறகுதான் இவர் மாடி வகுப்பில் சேர்ந்தார். ஆறு மாதமாக, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, மகளுக்கு அன்பாக எழுதிவருகிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. முதல் பதில் இந்தச் செவ்வாய்க்கிழமைதான் வந்திருக்கிறது. அதே செவ்வாய்க்கிழமை பேச்சி நின்றுவிட்டது.

நான் வரிசையின் கடைசிக்கு வந்திருந்தேன். பிழைச் செய்தியின் ஓரத்தில் ‘விவரம்’ என்று சின்னதாக இருந்தது. அதைத் தொட்டேன். முதலிலேயே தொட்டிருக்கலாம். எங்கள் வரிசையில் அது இல்லை.

‘கைமணம் பொருந்தவில்லை.’

காஜா அண்ணன் எட்டிப் பார்த்து, “அட, அப்படியா சேதி,” என்றார்.

கைமணம் வந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால், பெற்ற பிள்ளையின் குரலில் பேசி, முகத்தையும் காட்டிப் பணம் பறித்தார்கள். கடவுச்சொல்லைத் திருடினார்கள், கைரேகையைத் திருடினார்கள். திருட முடியாமல் மிச்சமிருந்தது ஒருவர் எழுதும் விதம்தான் என்று பேச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். எந்த எழுத்தை விடுகிறார், எங்கே நிறுத்துகிறார், எதற்குக் கோபப்படுகிறார் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்கு. ஒரே சாம்பார் பொடியைப் போட்டாலும் வீட்டுக்கு வீடு ருசி மாறுவதுபோல என்று விளம்பரத்தில் சொன்னார்கள். அதிலிருந்து கைமணம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மோசடி குறைந்தது உண்மைதான். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பும் செய்தியும் இப்போது யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. பேச்சியில் ஒருவர் இல்லை என்றால் அவர் எங்குமே இல்லை.

உதவி எண்ணை மட்டும் யாரும் அழைக்கலாம். அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

“வணக்கம் ஐயா. நான் பேச்சியின் உதவியாளர். தங்களால் இணைய இயலாததால் தாங்கள் அடைந்துள்ள வருத்தத்தை என்னால் உணர முடிகிறது.”

“மனுசப் பொண்ணா?” என்று சார் என்னிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன்.

“இனிமையா பேசுதும்மா. எங்க வகுப்புல இருந்தா மொத மார்க்கு.”

“தங்கள் எழுத்து சில மாதங்களாகத் தங்கள் எழுத்தைப்போல இல்லை, ஐயா,” என்றது உதவியாளர். “குறிப்பாக, செண்பகவல்லி அவர்களுக்குத் தாங்கள் எழுதுபவை. ஆகையால் கணக்கைக் கூடுதல் சரிபார்ப்பில் வைத்துள்ளோம்.”

“நான் திருந்திட்டேன். அதான் மாறியிருக்கு.”

“மகிழ்ச்சி ஐயா. ஓராண்டில் ஒரு மனிதர் மூன்று விழுக்காட்டுக்கு மேல் மாறுவதில்லை என்பது எங்கள் கணிப்பு. தங்கள் மாற்றம் எண்பத்தொரு விழுக்காடு.”

“ஆறு மாசமா உயிரைக் குடுத்துப் படிச்சிருக்கேம்மா.”

“வாழ்த்துகள் ஐயா. ஆனால் அது தாங்களாக இருக்க வாய்ப்பில்லை.”

காஜா அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் குறுக்கே புகுந்து, மற்றவர்களுக்கு எழுதியதை வைத்துச் சரிபார்க்க முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். கைமணம் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. மேலதிகாரிக்கு எழுதும் கையும் மனைவிக்கு எழுதும் கையும் ஒன்றல்ல. செண்பகவல்லியின் உரையாடலில்தான் சந்தேகம், ஆகவே அதே உரையாடலில்தான் அவர் எழுதிக் காட்டவேண்டும். ஐந்து வாய்ப்பு. ஐந்தும் தவறினால் கணக்கு மூடப்படும், படிக்காத செய்திகள் அழிக்கப்படும்.

“என்ன எழுதணும்?” என்று சார் கேட்டார்.

“இயல்பாக எழுதுங்கள் ஐயா. தாங்கள் தாங்களாக இருங்கள். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?”

வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பழைய உரையாடல் போனிலேயே சேமிப்பில் இருந்தது. இணைப்பு இல்லாமலே படிக்க முடிந்தது. படிக்கலாமா என்று கேட்டேன், சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சரி என்றார். மேலே போகப் போக இப்படி இருந்தது:

‘மழ பேயுது கொட எங்க எரும நனஞ்சி தொல’

‘பல்லு வலின்னா டாக்டர்ட்ட போ எனக்கு ஏன் போட்ர நான் என்ன பல்லு டாக்டரா’

‘சம்பளம் வந்துச்சா வந்தா வந்துச்சின்னு சொல்ல தெரியாதா வாய்ல என்ன கொழுக்கட்டயா’

கடந்த ஆறு மாதம் வேறு மாதிரி இருந்தது. ‘அன்பு மகளே, நலமாக இருக்கிறாயா? உன் மனம் நோகும்படி நான் பேசிய நாட்களை எண்ணி வருந்துகிறேன்.’ முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசியாக எழுதியது: ‘அன்பு மகளே, சனிக்கிழமை நீ திருச்சி வழியாகப் பயணம் செய்வதாக அத்தை கூறினார். உன்னைக் காண வரலாமா? நீ வா என்றால் மட்டும் வருவேன். எந்தப் பெட்டி என்று தெரிவிப்பாயா?’

அவர் முதலில் தன் விருப்பப்படி எழுதினார். ‘அன்பு மகளே, இது நான்தான்.’ அனுப்பும் பொத்தானைத் தொட்டதும் வரியின் ஓரத்தில் சின்னக் கடிகாரக் குறி வந்து உட்கார்ந்தது. கீழே சிவப்பில்: பொருந்தவில்லை. மீதம் நான்கு.

“பழசு ஒண்ணை அப்படியே பார்த்து எழுதுங்க சார்,” என்றேன். என் யோசனை அது. ‘மழ பேயுது கொட எங்க’ என்று ஒரு எழுத்து பிசகாமல் தட்டினார். ‘முந்தைய செய்தியின் நகல். பொருந்தவில்லை. மீதம் மூன்று.’ இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்ததா என்றுகூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“நவருங்க, நான் சொல்றேன் நீங்க தட்டுங்க,” என்று காஜா அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “திட்டுறதுக்கு ஒரு பயிற்சி வேணும் சார். நமக்கு தெனமும் கஸ்டமர் இருக்காங்க. எழுதுங்க. ‘அடியே, பெத்த அப்பனை மதிக்காத நீ என்னத்த வெளங்கப் போற.’”

“அப்படியெல்லாம் நான் சொன்னதே இல்ல தம்பி.”

“சார், இது சாமிகிட்ட சொல்ற வார்த்தையா? மெஷினுகிட்ட சொல்றது. எழுதுங்க.”

எழுதினார். இரண்டு எழுத்தை மாற்றித் தட்டிவிட்டார். கடிகாரக் குறி. பொருந்தவில்லை. மீதம் இரண்டு.

“ஆளு கெட்டிக்காரன்,” என்றார் காஜா அண்ணன், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

நான்காவதாக அவரே முயன்றார். கண்ணை மூடிக் கோபத்தை வரவழைத்துப் பார்த்தார். முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவர்களைப் பெயர்த்தெடுத்த மனிதர், எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மகளைத் திட்ட வார்த்தை கிடைக்காமல் நெற்றியைத் தேய்த்தார். ‘எருமையே, நீ நலமாக இருக்கிறாயா?’ என்று எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார்.

மீதம் ஒன்று.

மணி மூன்றரை தாண்டியிருந்தது. சார் போனைக் கவிழ்த்து வைத்தார். “வேணாம்மா. இதுவும் தப்பாப் போச்சுன்னா அந்த மெசேஜே அழிஞ்சிடும். அதுல என்ன இருந்துச்சுன்னு சாகுற வரைக்கும் தெரியாமப் போயிடும்.”

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் நான் அடுத்த சோதனைக் கேள்வியைக் கேட்பேன், அதற்கு அர்த்தம் இருக்கிறதோ இல்லையோ. “சார், ரயில்ல அவங்களுக்கு சிக்னல் கிடைக்குமா? எந்தப் பக்கம் சீட்டு?”

“சைடு அப்பர்.”

“எட்டு மாசத்துலயா?”

அவர் நிமிர்ந்தார். “என் தங்கச்சி சொன்னா. சைடு அப்பர்தான் கெடச்சுதாம். எட்டு மாசப் புள்ளத்தாச்சி எப்படிம்மா சைடு அப்பர்ல ஏறுவா? அந்த ஏணியைப் பாத்திருக்கியா நீ? கால் வைக்க எடம் இருக்கா? டிக்கெட் போட்டவன் எவன்? அவன் புருசன். எஞ்சினியரு! லோயர் கேட்டு வாங்கத் துப்பில்ல. இவளாச்சும் டிடிஇகிட்ட வாயைத் தெறந்து கேட்டாளா? கேட்டிருக்க மாட்டா. வாய்ல கொழுக்கட்டை. மேல ஏறி உக்காந்திருப்பா, எரும...”

போன் எப்போது அவர் கையில் ஏறியது என்று நான் பார்க்கவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் திரையைக் குத்திக்கொண்டிருந்தார்.

‘சைடு அப்பர்ல ஏறி உக்காந்துருக்கியா அறிவு இருக்கா வயித்துல புள்ள இருக்கா இல்ல பூசணிக்காயா டிடிஇ ட்ட கேளு லோயர் குடுப்பான் கேக்க தெரியாதா ஏணில கால வெச்ச கால ஒடிச்சிருவேன் சாப்டியா இல்லியா எரும’

அனுப்பிவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரை பச்சையாகி, ‘வரவேற்கிறோம் தில்லைநாயகம். இது நீங்கள்தான்’ என்றது.

காஜா அண்ணன் கைதட்டினார். நான் தட்டவில்லை. உரையாடலில் இருந்த கடிகாரக் குறிகள் ஒவ்வொன்றாக மறைந்து, அங்கே போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வந்துகொண்டிருந்தது. அன்பு மகளே போயிற்று. மழை போயிற்று. என்னத்த வெளங்கப் போற போயிற்று. எருமையே நலமா போயிற்று. இணைப்பு வருமுன் தேங்கியிருக்கும் செய்திகளை அழிக்கவேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அழித்தால் அதையும் ஒரு தவறாக எண்ணிவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

“சார்,” என்றேன். “எல்லாமே போயிடுச்சு.”

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் காஜா அண்ணனைப் பார்த்தார். காஜா அண்ணன் தன் சூடுகாட்டும் மேசைக்கு எழுந்து போனார்.

“மொதல்ல அந்த மெசேஜைப் படிம்மா. கண்ணாடில ஆவி படிஞ்சிருச்சு எனக்கு.”

செவ்வாய்க்கிழமை வந்த செய்தியைத் திறந்தேன். சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, நடுவில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

‘யார் நீங்க? எங்க அப்பா அன்பு மகளேன்னு எழுதுற ஆள் இல்ல. பணம் கேக்குறவங்கதான் இப்படி ஆரம்பிப்பாங்க. ஆறு மாசமா பாக்குறேன். இப்ப எந்தப் பெட்டின்னு வேற கேக்குறீங்க. போலின்னு பேச்சியில புகார் குடுத்துட்டேன். எங்க அப்பா போனை எப்படி எடுத்தீங்க? அவரை என்ன பண்ணீங்க?’

கடைக்கு வெளியே ஒருவன் ஹெட்போன் விலை கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் போய்விட்டான்.

“அவதானா,” என்றார் சார். “அவதான் மூடச் சொன்னாளா என்னைய.”

“உங்களை இல்ல சார்...” என்றேன்.

அப்போது செம்பாவின் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ரயில் எங்கோ விருத்தாசலம் பக்கம் இருந்திருக்கும். சார் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார்.

‘அப்பா?’

பிறகு: ‘அந்த என்னத்த வெளங்கப் போற யாரு எழுதுனது? அது நீங்க இல்ல.’

“யம்மாடி,” என்றார் காஜா அண்ணன் பின்னாலிருந்து. “மெஷினு தேவலாம்.”

பிறகு: ‘கடைசி ஒண்ணு நீங்கதான். பூசணிக்காயை வெச்சே தெரியும். ஆறு மாசமா யாரோ உங்களை ஏதோ பண்ணிட்டு உங்க போன்லேருந்து எழுதுறான்னு நெனச்சேன். அத்தைகிட்ட கேட்டா நல்லாத்தான் இருக்காருன்னாங்க. நம்பல. அத்தையும் போலியோன்னு இருந்துச்சு.’

பிறகு: ‘எஸ் நாலு. லோயர்தான். ஏறும்போதே டிடிஇகிட்ட கேட்டு வாங்கிட்டேன். வாங்கப்பா.’

சார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ‘ரொம்ப சந்தோஷம்மா’ என்று தட்டினார். அனுப்பும் முன்பே மேலே மஞ்சளாக ஒரு பட்டை எழுந்தது. ‘கவனம்: கைமணம் விலகுகிறது.’ அவர் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். யோசித்து எழுதினார்.

‘வரேன் வாசல்ல வந்து நிக்காத கூட்டத்துல இடிச்சிக்க போற எரும உள்ளயே கெட’

பட்டை மறைந்தது. அனுப்பினார். காஜா அண்ணன் காசு வேண்டாம் என்றதற்கு இதமாகவே ஒரு சண்டை போட்டு, காசை மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கிளம்பினார்.

திங்கட்கிழமை மாலை புத்தூர் பள்ளிப் படிக்கட்டில் அவர் எனக்காகக் காத்திருந்தார். ரயில் நிலையத்தில் என்ன நடந்தது என்று கேட்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

“பெட்டிக்குள்ள போனேன். ஜன்னலோரம் உக்காந்திருந்தா. மொகமெல்லாம் ஊதி, அவங்கம்மா மாதிரியே. நான் வகுப்புல சொல்லிக்குடுத்த மாதிரி மெதுவா, ‘எப்படிம்மா இருக்கே’ன்னேன்.”

“அவங்க?”

“பாத்தா. பேசல. மொகத்தையே பாத்தா. அப்புறம் போனை எடுத்து என்னமோ தட்டினா. என் சட்டைப் பையில டொக்குன்னு சத்தம். எடுத்துப் பாக்குறேன், ‘நீங்கதானா’ன்னு கேட்டிருக்கா. எதுக்க நின்னுக்கிட்டிருக்கேன், ஒரு முழம் இல்ல நடுவுல.”

“என்ன சார் பண்ணீங்க?”

“என்ன பண்றது? ரயில் எடுத்துருவான். அங்கயே நின்னு, ‘கண்ணு தெரியலயா எரும’ன்னு போட்டேன். படிச்சா. அப்புறந்தான் கையைப் பிடிச்சா.” அவர் தன் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். “மூணு நிமிசம் புடிச்சிருந்தா. அவ அழுதா, நான் போன்ல திட்டிக்கிட்டே இருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார். அனுப்பாத ஒரு செய்தி அதில் இருந்தது. ‘டாக்டர்ட்ட போனியா ரத்தம் எவ்ளோன்னு சொன்னாங்களா சொல்ல மாட்டியா நான் என்ன ஜோசியக்காரனா.’

“இது போதுமா பாரு. ரொம்ப நல்லா இருந்துடக் கூடாது.”

“போதும் சார். மஞ்சள் வரல.”

“காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுறேன். விட்டா மறுபடி பூட்டிருவான்ல.” கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். “மெதுவா மாறலாம்னு சொன்னிச்சே அந்தப் பொண்ணு, மூணு பர்சென்ட்டு.”

“ஆமா சார். வருஷத்துக்கு மூணு.”

“எனக்கு இப்ப எழுபத்தி மூணு. அப்ப நான் அன்பு மகளேன்னு எழுதுறதுக்கு நூறு வயசு ஆயிடும்.”

எண்பத்தொன்றை மூன்றால் வகுத்து, மனதுக்குள் கணக்குப் போட்டேன். சரியாகத்தான் வந்தது. சந்தேகத்தில் இன்னொரு முறை போட்டேன். அப்போதும் அதுவே.

மாடியில் வகுப்பு தொடங்கிவிட்டது. எல்லோரும் சேர்ந்து, ‘மன்னிக்கவும், நான் சற்று அவசரப்பட்டுவிட்டேன்’ என்று சொல்வது கேட்டது. அவர் ஒரு படி ஏறி, நின்று, திரும்பினார்.

“ஏம்மா ஜெசிந்தா, அந்தக் கைமணம் ஆளுக்கு ஆள் தனித்தனின்னு சொன்னிச்சுல்ல?”

“ஆமா சார்.”

“அப்ப பேரப்புள்ளை பொறந்தா, அது வேற ஆளு. அதுக்கிட்ட புதுசா ஆரம்பிக்கலாம். மொதல்லேருந்தே நல்லவிதமா எழுதினா, அதுதான் நானுன்னு எடுத்துக்கும். சரிதானே?”

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. “எடுத்துக்கும் சார். முதல்ல எப்படி எழுதுறீங்களோ, அதுதான் நீங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “பேச்சியில சேர எத்தனை வயசு ஆகணும்?”

“பதிமூணு, சார்.”

கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் யோசித்தார்.

“அதுவரைக்கும் நேர்லதான் பேசணும் போல,” என்றார், அதுவே பெரிய சிரமம் என்பதுபோல. பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று மாடிக்கு ஏறிப்போனார்.